அவருடைய பங்கு

ஒரு அறைக்குள் நாலு பேர் இருக்கும்வரை அவர் உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது ஆள் வாசலில் தலையைக் காட்டினால் எழுந்துவிடுவார். பேச்சு பாதியில் நிற்கும், டீ பாதியில் நிற்கும். "இருங்க, இருங்க, வெளிய காத்தா இருக்கும்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காற்றே இல்லாத வெயிலில் போய் நின்றுகொள்வார். கலியாணப் பந்தியில் அவரைப் பார்க்க முடியாது. பஸ்ஸிலும் பார்க்க முடியாது. ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசிக்கு சைக்கிளில்தான் வருவார். கூட்டம் இருக்கிற கடையில் வாசலிலேயே நின்று, சாமான் பெயரைக் கத்திச் சொல்லி வாங்குவார்.

டீக்கடையில் இருக்கிற ஆட்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. அவர் உள்ளே உட்கார்ந்து வடையைப் பிய்க்கிற நேரமாகப் பார்த்து ஒருவர் எழுந்து வெளியே போவார், இரண்டு பேர் உள்ளே வருவார்கள். அவரும் வடையோடு எழுந்து போவார். கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

தெரியாதவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய ஒரு அறைக்குள் ஐந்தாவது ஆளாக அவர் அனுப்பி வைத்தது என் அக்கா எஸ்தரை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். வேலை போன பிறகும் ஊரில் எல்லாரும் போர்மேன் என்றே கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரிலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் போர்மேன் என்று ஒருவருக்குச் சம்பளம். அன்றைக்கு சீசன் உச்சத்தில் இருந்தது. வடநாட்டு ஆர்டர், லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. இருக்கிற அறைகள் போதவில்லை என்று அக்காவையும் இன்னும் நாலு பெண்களையும் மரத்தடியில் உட்கார வைத்துத் திரி சொருக விட்டிருந்தார். அதுவே தப்பு. மத்தியானம் தூற்றல் போட்டது. சரக்கு நனைந்துவிடக் கூடாதே என்று அந்த ஐந்து பேரையும் தட்டோடு எழுப்பி, பக்கத்திலிருந்த மருந்து அறைக்குள் போகச் சொன்னார். அக்கா வாசலில் நின்று, "அண்ணாச்சி, உள்ள நாலு பேர் இருக்காகளே" என்றாளாம். "அஞ்சு நிமிசம் தாயி, மழை விட்டுரும். நான் பாத்துக்கிறேன்" என்று கையை நீட்டி உள்ளே காட்டினாராம். காட்டிவிட்டு லாரிக்காரனிடம் பேச வாசலுக்குப் போய்விட்டார். அறை வெடித்தபோது உள்ளே இருந்த ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள்.

எங்கேயாவது வெடித்தால் எங்கள் ஊருக்குச் சத்தம் வருவதில்லை, போன்தான் வரும். நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தோம். அக்காவுக்கு மணி போனது, எடுக்கவில்லை. ஆலை வாசலிலேயே செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பெட்டிக்குள் ஏழு போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு காவலாளி சொன்னார்.

முதலாளியையும் போர்மேனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளி சீக்கிரம் வந்துவிட்டார். போர்மேன் மூன்று மாதம் உள்ளே இருந்தார். ஜாமீனில் வந்த மறுநாளே எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ஆள் பாதியாகியிருந்தார். அம்மா எதிரியே வந்தாலும் "வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்பாள். "உள்ள வாங்க" என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். அம்மா, நான், அக்காவின் இரண்டு பிள்ளைகள். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

"வேண்டாம் மதினி, இங்கனயே நிக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான்தான் உக்கார வச்சேன் தாயி. அந்தப் பிள்ளை வேண்டாம்னுச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

நான் கதவைச் சாத்தினேன். சாத்தின சத்தத்தில் சின்னவன் அழுதான்.

இதற்கு மேல் அவருக்கும் எனக்கும் எந்த வழக்கும் இருந்திருக்காது. ஆனால் மனிதர் நேராக எங்கள் சபைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் சபை பெரிய கோபுரமெல்லாம் வைத்ததில்லை. தீப்பெட்டி ஆலைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கூடம். அறுபது பேர் உட்காரலாம். நான் பிறந்ததே அந்தச் சபையில்தான் என்று சொல்லிவிடலாம். இருபது வருடமாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். கிருபை என்றால் என்ன என்று கேட்டால், தகுதியில்லாதவருக்குச் சும்மா கிடைப்பது என்று எங்கள் தெருக் குழந்தைகள் தூக்கத்தில்கூடச் சொல்லும். சொல்லிக்கொடுத்தது நான். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மிட்டாய்கூடக் கொடுத்திருக்கிறேன்.

அவர் ஞாயிறு காலை வந்து கூடத்துக்குள் நுழையாமல், பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே, பூவரச மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொள்வார். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் அங்கிருந்தே. மழை பெய்தால் தலையில் துண்டு. எங்கள் பாஸ்டர் என்னைவிடச் சின்னவர், முன்பு ஆப்செட் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு மூன்று வாரம் உள்ளே கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் கதவைக் கழற்றி வைத்துவிட்டார்.

ஒருநாள் ஆராதனையில் அவரைச் சாட்சி சொல்ல, அதாவது மனம் திரும்பிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றே சொன்னார். ஜெயிலில் முப்பது பேர் அடைத்த அறையில் பதினைந்து நாள் கண்ணை மூடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தலையை எண்ணுவதும், ஏழு பேர் முகம் வருவதும், மறுபடி எண்ணுவதுமாக. ஜெபிக்க வந்த யாரோ ஒருவர், உம்மால் இதற்கு ஈடு கட்ட முடியாது, அதனால்தான் ஆண்டவர் ஈடு கட்டினார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். "அன்னைக்கு அந்த ரூம்ல கூடுதலா ஒருத்தர் வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. எனக்கு விலகி ஓடணும்னு தோணல. உக்காந்தேன். தூங்கிட்டேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய சாட்சி. கூடத்தில் பாதிப் பேர் அழுதார்கள். எனக்கு எரிந்தது. என் அக்கா எரிந்தாள், இவர் தூங்கினாராம்.

அன்று வெளியே வந்ததும் ஜன்னல் பக்கம் போய்க் கேட்டேன். அவரிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அது. "எல்லாம் மன்னிச்சாச்சுல்ல? அப்புறம் ஏன் இன்னும் வெளிய நிக்கிறீங்க? உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்கார வேண்டியதுதான?"

அவர் துண்டை உதறி மடித்தார். "மன்னிப்புக் கேட்டேன் தாயி, கிடைச்சது. மறதியைக் கேக்கல" என்றார்.

நேராக உள்ளே வந்தேன். வந்து பாஸ்டரிடம் கத்தினேன். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் நான் சபைக்கு வரமாட்டேன் என்றேன். ஏழு உயிருக்கு ஒரு முங்கு போதும் என்றால் எல்லாக் கொலைகாரனும் வரிசையில் வந்து நிற்கட்டும் என்றேன். பாஸ்டர் நான் முடிக்கிறவரை கேட்டார். "நீங்க வராம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு அக்கா. அவரை வராதீகன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்றார்.

நான் போகாமல் இருந்துவிடவில்லை. என் சபையை நான் ஏன் விடவேண்டும்? ஞானஸ்நானம் கொடுத்த ஆனைக்குட்டம் அணைக்கும் போனேன், குடையோடு. அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. தண்ணீரைத் தேடிச் சேற்றில் நெடுந்தூரம் நடந்தும் முழங்காலுக்கு மேல் ஆழம் கிடைக்கவில்லை. உட்கார வைத்துத்தான் மல்லாக்க முக்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே அமுக்கி வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன், தோன்றியது. எழுந்தவர் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கரையேறினார்.

அதற்குப் பிறகு ஆள் எப்படி இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "நான் பாத்துக்கிறேன்" என்பது அவருடைய பேச்சு. ஆள் சேர்க்க வேனோடு எங்கள் தெருவுக்கு வரும்போது, பிள்ளைக்குக் காய்ச்சலா, நான் பாத்துக்கிறேன். சம்பளம் முன்கூட்டியே வேணுமா, நான் பாத்துக்கிறேன். அந்த வார்த்தையை அடியோடு விட்டுவிட்டார். யாராவது உதவி கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். செய்து முடித்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

பிழைத்த இரண்டு பேரில் ஒருத்தி செல்வி. இரண்டு கையிலும் விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டன. குடம் தூக்க முடியாது. தினமும் விடிந்ததும் அவள் தெருக் குழாயில் நாலு குடம் பிடித்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். முதல் வாரம் முழுக்க அவள் காலால் எத்திக் கவிழ்த்தாள். அவர் மறுபடி பிடித்து வைத்தார். பிறகு கவிழ்ப்பதை விட்டாள். பிறகு, "போர்மேன், நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனமே வாங்க" என்று அதிகாரம் செய்ய ஆரம்பித்தாள்.

"எப்படிடி உன்னால முடியுது?" என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்குத் தண்ணி வேணும்ல" என்றாள்.

அவள் வீட்டில் ஒருநாள் அவர் வாசற்படியை ஒட்டி உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். செல்வி, அவள் மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, இவர். நாலு பேர். நான் வெளியிலிருந்து ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்துவிட்டே உள்ளே நுழைந்தேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு ஒரு சந்தோஷம். அன்று முழுவதும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் செய்த பெரிய விஷயத்தை இத்தனை நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, ஆண்டவரின் உடலும் ரத்தமுமாக எண்ணி வாங்கும் அப்பமும் திராட்சை ரசமும் உண்டு. பன்னீர்த் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து ரசம் எடுப்பதும், அப்பத்தைத் துண்டு போடுவதும், தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடுப்பதும் எங்கள் வீட்டு வேலை. அம்மாவுக்கு முழங்கால் போன பிறகு எனக்கு வந்தது. கைக்குழந்தையோடு வெளியே நிற்பவர்களுக்கும் தட்டு போகும். ஞானஸ்நானம் பெற்றதால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவருக்கும் போக வேண்டும். பாஸ்டர் தனியாக அழைத்து, "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அவருக்கு நான் கொண்டு போறேன் அக்கா" என்றார். "என் வேலையை நான் செஞ்சுக்கிறேன்" என்றேன். இத்தனை வருடம் தூக்கிய தட்டை இந்த மனிதருக்காக விட்டுக்கொடுப்பதா என்கிற வீம்பு.

முதல் மாதம் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசித் துண்டும் கடைசிச் சின்னக் குவளையுமாகப் பக்கவாசல் வழியாக வெளியே போனேன். சுவர் மறைப்பதால் அந்த இடம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர் ஜன்னலை விட்டுத் தள்ளி வந்து, குழாயில் கை கழுவிவிட்டுத் தயாராக நின்றார். இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினார். அந்தக் கையைப் பார்த்தேன். அக்காவை உள்ளே போகச் சொல்லிக் காட்டிய கை.

என்னால் வைக்க முடியவில்லை. திரும்பிப் போகவும் முடியாது. தட்டில் மிச்சம் இருந்தால் பாஸ்டர் கேட்பார். நான் அந்தத் துண்டை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். குவளையையும் எடுத்துக் குடித்தேன். உள்ளே என் பங்கை முன்பே வாங்கியிருந்தேன். இது அவருடையது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை மெதுவாக இழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சரி தாயி" என்றார்.

நான் உள்ளே போனேன். கொடுத்தாயிற்றா என்று பாஸ்டர் கண்ணால் கேட்டார். தலையாட்டினேன்.

பதினோரு மாதம். ஒவ்வொரு முதல் ஞாயிறும் அவர் கை கழுவினார், நீட்டினார். நான் அவர் கண் முன்னாலேயே தின்றேன். ஒரு மாதமாவது கையை நீட்டாமல் இருந்திருக்கலாம். ஒரு மாதமாவது திட்டியிருக்கலாம், பாஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. இவருக்குச் சும்மா கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. மேலே இருக்கிறவர் கணக்குப் பார்க்காமல் கொடுத்தால் கீழே நானாவது பார்க்கிறேன் என்று நினைத்தேன். இருந்தாலும் ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அந்தத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குழாய்க்குப் போக வேண்டியிருந்தது. தண்ணீர் குடித்து இறக்கினேன்.

அந்த நேரத்தில்தான் வழக்கு கோர்ட்டில் சூடு பிடித்தது. கம்பெனித் தரப்பு ஒரு கதை தயாரித்திருந்தது. மழைக்கு ஒதுங்குவதற்காகப் பெண்கள் தாங்களாகவே மருந்து அறைக்குள் போய் ஒண்டிக்கொண்டார்கள், முதலில் போனவள் எஸ்தர், அவள் தட்டை இழுத்துப் போட்டதில்தான் உரசிப் பிடித்தது. செத்தவர்கள் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்கள்? ஊரிலேயே பாதிப் பேர் அதை நம்ப ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அக்காவின் பெரியவளிடம் எவளோ, உங்க அம்மாவாலதான் எங்க சித்தி செத்தா என்று கேட்டுவிட, அவள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. போர்மேன் அந்தக் கதைக்குத் தலையாட்டினால் அவரும் தப்பிப்பார், முதலாளியும் தப்பிப்பார். தலையாட்டாவிட்டால் ஜெயில். முப்பது பேர் அடைத்த அறை. அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்று நானும் செல்வியும் போயிருந்தோம். கோர்ட் கூடத்தில் நிற்க இடமில்லை. அவர் பெயரைக் கூப்பிட்டதும் வாசலில் நின்றவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வேட்டி முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

"அதுகளா போகல ஐயா. எஸ்தரு வாசல்லயே நின்னு, உள்ள நாலு பேர் இருக்காகன்னு சொல்லுச்சு. நான்தான் கையைக் காட்டி உக்காரச் சொன்னேன். அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

கம்பெனி வக்கீல் எழுந்து, யாராவது மிரட்டினார்களா, மதம் மாற்றியவர்கள் சொல்லிக் கொடுத்தார்களா என்று என்னென்னவோ கேட்டார். "எனக்குக் கிடைச்சது சும்மா கிடைச்சதுய்யா. அதை வாங்கி வச்சுக்கிட்டு என்னால பொய் சொல்ல முடியல" என்றார் அவர்.

சில நாளில் அவருக்குத் தண்டனை சொன்னார்கள். அங்கிருந்தே கூட்டிப்போனார்கள். போலீஸ் வேனுக்குள் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். படியில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றார். போலீஸ்காரர் முதுகில் கை வைத்தார். ஏறிவிட்டார். என் அக்காவின் பெயரைக் கழுவிக் கொடுத்துவிட்டு, தனக்கு உலகத்திலேயே பயமான இடத்துக்குப் போனார். அதற்கு முந்தின மாதம்கூட அவர் பங்கை நான் தின்றிருந்தேன்.

அடுத்த முதல் ஞாயிறு தட்டில் கடைசித் துண்டு மிஞ்சியது. பழக்கத்தில் அவருக்கும் சேர்த்தே நறுக்கியிருந்தேன். பக்கவாசல் வரை போனேன். பூவரச மரத்தடியில் யாரும் இல்லை. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. திட்டவில்லை. "இதை நீங்க அவர்கிட்டதான் சொல்லணும் அக்கா" என்றார்.

ஜெயிலில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பதினோரு மாசம் உங்க பங்கை நான் தின்னேன்."

"பாத்துக்கிட்டுத்தான தாயி நின்னேன்" என்றார். சிரித்தாரோ என்று தோன்றியது.

"ஏன் பாஸ்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன் கையில இருக்க தட்டை வாங்கிருவாக. வேற யாராச்சும் கொண்டாந்து குடுத்துருவாக. கடவுள் மன்னிச்சாருங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்ல தாயி. அது முடிஞ்சுபோச்சு. ஆனா இது உன் கையால கிடைக்கணும்னு ஒரு ஆசை. நீ வராமலே இருந்திருக்கலாம்ல? மாசாமாசம் தட்டைத் தூக்கிட்டு என் முன்னால வந்து நின்னியே. சரி, அடுத்த மாசம் குடுப்பான்னு நெனச்சுக்கிடுவேன்."

கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்கள். வலையில் விரல் நுழையவும் இடமில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் தட்டினார். "வெளிய வாங்க, நானே தாரேன்" என்று கத்தினேன். "வாரேன் தாயி" என்றார்.

வரவில்லை. மூன்றாவது மாதம் நெஞ்சு வலித்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். செல்வி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மண்ணை அள்ளி இடுக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

அதன்பிறகு நான் தட்டு தூக்கவில்லை. பாஸ்டரே கொடுத்தார். என் வரிசைக்கு வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன், தட்டு என்னைத் தாண்டிப் போகும். ஆறு மாதம் அப்படிப் போனது. எனக்கு எப்படி அது இறங்கும்? சபைக்கு வருவேன், பாடுவேன், ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பமாட்டேன். திரும்பாவிட்டாலும் அங்கே யாரோ கை கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்கும். குழாயை அடைத்து வைக்கச் சொன்னேன். அடைத்த பிறகும் கேட்டது.

போன மாதம் பாஸ்டர் என்னைத் தாண்டிப் போகவில்லை. தட்டோடு எனக்கு எதிரில் நின்றார்.

"எனக்கு வேண்டாம். நான் வாங்கக் கூடாது" என்றேன்.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அவருக்குச் சும்மா கிடைக்கக் கூடாதுன்னு இருந்தீங்க. இப்ப உங்களுக்கும் சும்மா கிடைக்கக் கூடாதுன்னு இருக்கீங்க. ரெண்டு தடவையும் நீங்கதான் அக்கா தீர்ப்புச் சொல்றீங்க."

கூடமே பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. என் கை இரண்டும் மடியில் கிடந்தன. எடுத்தேன். இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினேன். பாஸ்டர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பதற்கு இரண்டு மூன்று நொடிகூட ஆகியிருக்காது. அந்த நேரத்தில், நீட்டிய கை காலியாக இருந்தபோது, வைப்பாரா மாட்டாரா என்று எனக்குப் பயம் வந்தது. அந்த இரண்டு நொடியைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. அவர் பதினோரு மாதம் நின்றார்.